இரண்டு ஏமஸ்

அன்புள்ள இமோஜன்,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளை கேலமும் நலமா என்று கேட்பதை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளாதே, கால் வீக்கம் குறைந்ததா, டனீடின் குளிரில் தூக்கம் வருகிறதா, எழுது. உன் முதல் குழந்தை ஹெட்டியின் பெயரையே வரப்போகும் குழந்தைக்கும் வைக்கலாமா அம்மா என்று நீ கேட்டதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அவள் நம்மோடு இருந்தது சில நாட்கள்தான், அந்தப் பெயரை இன்னும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. பதில் எழுத உட்கார்வேன், எழுந்துபோய்க் கெட்டிலை வைப்பேன், தேநீரைக் குடிக்காமலே தோட்டத்துத் தூறலில் போய் நிற்பேன். "நீ நடக்குற நடையில கார்ப்பெட் தேஞ்சிடும் ரூத்" என்கிறார் அப்பா.

இந்த நேரம் பார்த்து நைஜல் மாமா வம்சாவளியோடு வந்துவிட்டார். விக்கம்பரோவில் வண்டிச் சக்கரம் செய்த, ஏழு பிள்ளை பெற்ற நம் மூதாதை ஏமஸ் பிராடலின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்துவிட்டதாம், அந்த வருடத்தைக் கோப்பைகளில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தும் விட்டார். எனக்குத்தான் எதையும் பார்க்காமல் நம்ப வராதே. வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு சாக்காகவும் இருந்தது, மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போய் அந்த ஊர்த் தேவாலயத்தின் அடக்கப் பதிவுகளையும் புரட்டினேன். மாமா பார்த்தது ஞானஸ்நானப் பக்கங்களை மட்டும். அவருடைய ஏமஸ் அந்தக் குளிர்காலம் முடிவதற்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறான், பெயருக்குப் பக்கத்தில் 'கைக்குழந்தை' என்று பாதிரியார் எழுதியிருக்கிறார். இரண்டு வருடம் கழித்து அதே தாய் தகப்பனுக்கு இன்னொரு ஏமஸ். நாம் அவன் வழி வந்தவர்கள். போன பிள்ளையின் பெயரை அடுத்ததற்கு வைப்பது அந்தக் காலத்தில் சகஜம்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். அப்பா உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டே, "ஒரு வயசுகூட ஆவாத புள்ள எப்படி மச்சான் ஏழு புள்ளைக்கு அப்பனானான்?" என்றார். மாமா முகம் சிவந்துவிட்டது. "உன் பொண்டாட்டிக்கு எதுலயாவது ஓட்டை கண்டுபிடிச்சாத்தான்யா சாப்பாடு எறங்கும்" என்றவர் என் பக்கம் திரும்பி, "அதே பேரு, அதே அப்பன் ஆத்தா. இவனா இருந்தா என்ன, அவனா இருந்தா என்ன, விடேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பாத்திரம் கழுவும்போது அந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வந்தது.

அந்தக் காலத்தவர் வைத்திருக்கிறார்கள், நீயும் வை என்று எழுதியிருக்கலாம். அவர்கள் என்ன நினைத்து வைத்தார்கள் என்று பதிவில் இல்லை, இல்லாததை நான் சொல்ல மாட்டேன். ஆனால் நைஜல் மாமா அக்கறையில்லாதவர் அல்ல, மாதக்கணக்கில் தேடியவர். அப்படிப்பட்டவருக்கே முதல் ஏமஸ் கைக்குழந்தையாக இறந்துபோனது தெரியவில்லை, இரண்டு பேரையும் ஒருவனாக்கிவிட்டார். வேண்டாம் இமோஜன், வேறு பெயர் வை. என்றைக்காவது யாராவது நம்மைத் தேடிக்கொண்டு வந்தால், ஹெட்டி என்று ஒருத்தி தனியாக இருந்தாள் என்று அவர்களுக்குத் தெரியட்டும். இது என் எண்ணம், முடிவு உங்கள் இருவருடையது. அதே பெயரை வைத்தாலும் நான் முகம் கோணாமல் கூப்பிடுவேன்.

ஜெபம் எனக்குப் பழக்கமில்லை, உனக்குத் தெரியும். ஆனாலும் தாயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே. வலி எடுத்தால் இங்கே என்ன நேரம் என்று யோசிக்காமல் கூப்பிடு.

உன் அம்மா,
ரூத்