சின்ன ரெக்கார்டில் இருந்த குரல்

திருவல்லிக்கேணி,
12-8-1974

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, ஜவஹர் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் நின்றதா?

எங்கள் ராக் குழுவின் எல்.பி. ரெக்கார்ட் வெளிவந்துவிட்டது. பாண்டி பஜாரில் நன்றாகவே விற்கிறது. பாடகன் கஸ்தூரிரங்கன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அதனால்தான் விற்கிறது என்கிறார்கள். பயப்படாதீர்கள், நான் காய்ச்சிய தண்ணீர்தான் குடிக்கிறேன். ஒத்திகை அறைக்கு இப்போது யாரும் வருவதில்லை. நான் மட்டும் போய் டிரம்ஸைத் துடைத்து வைத்துவிட்டு வருகிறேன்.

மயிலாப்பூரில் அவன் அம்மாவிடம் எல்.பி.யைக் கொடுத்தேன். போட்டுக் கேட்டுவிட்டு, "இதுல என் பிள்ளை எங்கேடா இருக்கான்?" என்றார். மாமிக்கு எங்கள் இங்கிலீஷ் பாட்டு புரியாது. முதலில் ஒரே பாட்டோடு வந்த சின்ன ரெக்கார்டில், அந்த சிங்கிளில், பாட்டுக்கு முன்னால் அவன் எங்களிடம் "ஆரம்பிக்கலாமாடா?" என்று கேட்டது தவறுதலாகப் பதிவாகியிருந்தது. எல்.பி.யில் கம்பெனிக்காரர்கள் அதை வெட்டிவிட்டார்கள். தினமும் அந்தப் பேச்சையே போட்டுப் போட்டுக் கேட்டு, மாமியிடம் இருந்த சிங்கிள் அந்த இடத்தில் தேய்ந்து வெறும் இரைச்சலாகிவிட்டது. கடைகளிலும் இல்லை.

உங்களுக்கு அனுப்பிய சிங்கிளை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, துணி சுற்றி உடனே அனுப்புங்கள். அதில் கீறல் இருக்காது. நீங்கள்தான் ஒருமுறைகூடப் போட்டுக் கேட்கவில்லையே.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்,
ஜவஹர்