நான் ஆற்றி அளந்தது

அக்கா, எங்கே இருந்தாலும் கொஞ்ச நேரம் இப்படி உட்கார். ஐந்து வருஷமாக ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

பாலக்கரையில் அதே வீடு. ஆஸ்பத்திரி லேபில் அதே ஸ்டூல். ஊரார் சிறுநீரை அளந்து அளந்து எனக்கு அலுத்துப் போச்சு. உன் வசந்தா மணப்பாறையிலிருந்து காலேஜுக்கு வந்து இப்போது என்னோடுதான் இருக்கிறாள். அச்சு அசல் நீதான். அவள் கேட்கிற ஒரு கேள்விதான் தாங்க முடியவில்லை.

"அம்மா கடைசியில என்னைக் கேக்கவே இல்லையா மாமா?"

நான் காதில் விழாதவன் மாதிரி சட்டையைத் தேடுவேன்.

அரைப்பரீட்சை என்று அவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, நீ மட்டும் ஸ்ரீரங்கத்து ஏகாதசிக்கு வந்தாய். மறுநாளே வாந்திபேதி; எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். மூன்றாம் நாள் சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் குறைந்துபோச்சு. அப்போது எங்கள் டாக்டர் ஒரு புதுக் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தார். சிறுநீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அதன் முள் காட்டும். அதை வைத்து, சிறுநீரகத்துக்குள் ஆக்சிஜன் போய்ச் சேருகிறதா என்று கணிக்கலாம் என்பார்.

உனக்குப் போட்டிருந்த சிறுநீர் டியூபிலிருந்து நான்தான் ஒரு குப்பியில் பிடித்துக்கொண்டு போனேன். குப்பி உடம்புச் சூடாக இருந்தது. மூடியபடியே ஆறவிட்டு அளக்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏன் மூடணும் என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்குப் பொறுமையும் இல்லை. நீ எனக்குக் காப்பி ஆத்துவாயே, அதே மாதிரி இரண்டு குப்பியில் மாற்றி மாற்றி ஊற்றினேன். முள் ஏறினதைப் பார்த்து வார்டுக்கு ஓடி வந்தேன்.

"மணி, வசந்தாவை வரச் சொல்லேன்டா" என்றாய்.

"எதுக்குக்கா? முள் நல்லா ஏறியிருக்கு. அவ பரீட்சை எழுதட்டும். ரெண்டு நாள்ல நாமளே போயிடலாம்."

"நீ அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் மத்தியானம் போயே போய்விட்டாய். வசந்தா வந்து சேர்ந்தபோது உன் கை சில்லிட்டிருந்தது.

ஆறு மாசம் கழித்து, வேறொருவர் குப்பியை நான் ஆற்றுவதை டாக்டர் பார்த்துவிட்டார். "என்னய்யா பண்றே? காத்துல இருக்கிற ஆக்சிஜன் எல்லாம் அதுல கலந்துடுமே. நீ அளக்கறது இந்த ரூம் காத்தை" என்றார்.

"எங்க அக்காவுக்கும் இப்படித்தான் பண்ணேன் சார்."

குப்பியை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். "அது வெறும் சோதனைதான். வைத்தியம் ஒண்ணும் மாறியிருக்காது" என்றார்.

வைத்தியம் மாறியிருக்காது, சரி. மணப்பாறை பஸ்? தந்தி அடித்திருந்தால் சாயங்காலத்துக்குள் உன் மகள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளே அக்கா. நீ அவளை நினைக்கவே இல்லை என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். நானும் நம்பவிட்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன?

நாளைக் காலையில் அவள் காப்பி டம்ளரைக் கொண்டுவந்து வைத்ததும் சொல்லிவிடுகிறேன். "உங்கம்மா உன்னைத்தான் கேட்டா. நான்தான் வேண்டாம்னேன்" என்று. அதற்கப்புறம் மாமா என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ. ஆனாலும் சொல்கிறேன், உன்மேல் ஆணை.

இப்போதெல்லாம் காப்பியை ஆற்றாமலே குடிக்கிற
உன் தம்பி,
மணி