உன் மரதனை நிறுத்தியது நான்தான், யோகா

என் உயிர் மச்சான் யோகாவுக்கு,

நீ போன பிறகு உனக்காகச் சேர்த்துவைத்த ஊர் வம்பு ஒரு சாக்கு நிறைய இருக்கிறது. அதையெல்லாம் இன்றைக்கு ஓரமாக வைக்கிறேன். இந்தச் செய்தியை முதலில் சொல்லாவிட்டால் என் வயிறு வெடித்துவிடும். அது வெடித்தால் நம் ஊர் உக்குவளையில் பாதி மாவுக்குள் மூழ்கும் என்று சொன்னவன் நீதானே?

இந்தப் புத்தாண்டுக்கு உன் மரதன் ஓட்டம் நடக்கவில்லை. மழைக்கு நிற்காத ஓட்டம், தேர்தலுக்கு நிற்காத ஓட்டம், இந்த முறை நின்றது. நிறுத்தியவன் நான். பொறு, எழும்பி வந்துவிடாதே. கதையைக் கேட்டுவிட்டுத் திட்டு.

போன வருசம் ஓட்டத்தை முடித்துவிட்டு அந்த வாரமே நீ கண்ணை மூடிவிட்டாய். ஓட்டக் கமிட்டிக்கு யாராவது தலைவராக வேண்டும் அல்லவா? கூட்டத்துக்கு நான் பிந்திப் போனேன். என் பேக்கரியில் ஒரு தட்டு பனிஸ் கருகிவிட்டது. உள்ளே போனதும் எல்லோரும் கைதட்டினார்கள். கருகாத பனிஸ் கொண்டு வந்ததற்காகத் தட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் கும்பிட்டு வைத்தேன். அப்படித்தான் தலைவரானேன். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன் மரதனுக்குத் தலைவர். நீ இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய்?

உன் பாதை உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டேஷன் சந்தியில் பட்டாசு கொளுத்தி, பேண்ட் அடித்துக் கிளம்புவார்கள். புத்த விகாரை இருக்கிற பன்சலை மேட்டில் ஏறி, ரப்பர் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் சந்திக்கே வருவார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்று ஊரில் கால் உள்ள எல்லோரும் சேர்ந்து மூச்சு வாங்குகிற ஒரே நாள் அது.

இந்த வருசம் பன்சலை மேட்டுப் பெரிய மரத்தில் குளவி கூடு கட்டிவிட்டது. கூடு எவ்வளவு பெரிது என்று கேட்பாய். என் இடுப்பை நினைத்துக்கொள், சரியாக இருக்கும். மாசி மாதம் அந்தப் பக்கம் மிளகு பறிக்கப் போன இரண்டு பெண்களைக் குளவி கொட்டியது. ஒருத்தி பிழைப்பாளா என்று மாத்தளை ஆஸ்பத்திரி வாசலில் அவள் சனமெல்லாம் காத்துக் கிடந்தது. நல்ல காலம், பிழைத்துவிட்டாள்.

கூட்டை எரித்துவிடலாம் என்றார்கள். மரம் பன்சலைக் காணியில் நிற்கிறது. அங்கிருக்கிற பெரிய பிக்கு, நம் ஹாமுதுரு, ஒத்துக்கொள்ளவில்லை. மழை பிடித்தால் அதுகளே போய்விடும், உயிரைக் கொல்ல வேண்டாம் என்றார். வேறு பாதையில் ஓடுவோம் என்றால், தோட்டத்துக்குப் போகிற மற்ற ரோட்டில் பாதி போன மழையோடு மண்சரிந்து ஆற்றுக்குப் போய்விட்டது.

கமிட்டியில் ஹார்ட்வெயார் ரிஸ்வான் ஒரு யோசனை சொன்னார். ஓடுகிற எல்லோரும் மோட்டார் சைக்கிள் ஹெல்மட் போட்டு ஓட வேண்டுமாம். அவர் கடையில் ஹெல்மட் விற்காமல் தூசி பிடித்துக் கிடப்பது எனக்குத் தெரியும். இப்போது உனக்கும் தெரியும். இன்னொருவர், பட்டாசும் பேண்டும் இல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு ஓடலாம் என்றார். செத்த வீட்டுக்கா போகிறோம் என்று கேட்டேன். அவ்வளவு சனம் அந்த மரத்தடியால் போனால் சத்தம் வராமல் இருக்குமா? குளவிக்குச் சத்தம் ஆகாது, ஒரு விசில்கூடக் கூடாது என்று தொண்டை வறள வாதாடினேன். கடைசியில் நானே எழும்பி, ஓட்டம் ரத்து என்றேன். சொன்ன கையோடு வாசலைப் பார்த்தேன். கமிட்டிக்குப் பயந்து இல்லை, உன் பொஞ்சாதிக்குப் பயந்து.

புஷ்பம் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? தைப்பொங்கல் முடிந்ததிலிருந்து விடியற்காலையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். உன் சப்பாத்தின் முன்பக்கத்தில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு. தபால் கந்தோர் படி ஏறினாலே முழங்கால் வலிக்கிறது என்பவள். ஜெயிக்கிற ஆசையெல்லாம் இல்லை. நீ ஓடிய பாதையை, நீ ஓடிய நாளில், ஒரு தடவை முழுசாக ஓடி முடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அதைத்தான் நான் இல்லை என்று சொல்லப் போனேன், கையில் ஒரு பட்டர் கேக்கோடு.

வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டாள். உட்காருங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"அவரு இருந்தா நிப்பாட்டியிருப்பாரா, அண்ணே?"

நான் கேக்கை நீட்டினேன், வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"குளவிக்குப் பயந்த தலைவர்னு ஊரே சொல்லும்."

"சொல்லட்டும் தங்கச்சி. உசிரோட இருந்து சொல்லட்டும்."

கேக்கைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டாள். அது போதாதென்று மறுநாள் மற்றப் பேக்கரியில் பாண் வாங்கி, பைக்குள் போடாமல் கையிலே பிடித்துக்கொண்டு, என் கடை வாசலால் நடந்து போனாள். ஊரில் அதைப் பார்க்காத ஆள் இல்லை. பார்க்காதவர்களுக்கு நானே சொன்னேன்.

ரத்து என்று நோட்டீஸ் ஒட்டினோம். யார் நம்பினார்கள்? யோகாவின் ஓட்டத்தை எவனாவது நிறுத்துவானா, பேக்கரிக்காரன் கிண்டல் பண்ணுகிறான் என்றார்கள். ஊருக்குள் என் பேர் அப்படி. சரி, நானே போய்ச் சொல்கிறேன் என்று புத்தாண்டுக்கு முதல் நாள் பாட்டுப் போட்டுத் தெருவில் பாண் விற்கிற என் ஆட்டோவில் ஏறினேன். அதில்தான் ஒலிபெருக்கி இருக்கிறதே. ஒரு மைக்கையும் மாட்டிக்கொண்டோம். பாட்டைப் போட்டால்தான் சனம் வாசல் கேட்டுக்கு வரும் என்றான் டிரைவர் சந்திரன். அருமையான யோசனை என்று அவன் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

உனக்கு விளங்கிவிட்டது, சிரிக்கிறாய். எனக்கு விளங்கவில்லையடா. பட்டாசு கூடாது, பேண்ட் கூடாது, விசில் கூடாது என்று சண்டை பிடித்தவனுக்கு, தன்னுடைய பாண் ஆட்டோ பாட்டு ஒரு சத்தம் என்று தோன்றவே இல்லை. அந்தப் பாட்டு எங்களுக்கு மூச்சு மாதிரி. தெருத் தெருவாகப் போனோம். சனம் பாண் வாங்க வந்து, செய்தியைக் கேட்டு, என்னை ஏசிவிட்டு, பாணையும் வாங்கிக்கொண்டு போனது. வியாபாரம் நன்றாகவே நடந்தது, மறைக்க மாட்டேன்.

பன்சலை மேட்டில் ஏறும்போது எதிரே புஷ்பம் ஓடி வந்தாள். ஆட்டோவைக் கண்டதும் நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். சந்திரன் பிரேக் போட்டான். எங்கே போட்டான் என்று நினைக்கிறாய்? மரத்துக்கு நேர் கீழே. பாட்டை நிறுத்த வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஊருக்கு ரத்தென்றால் ரத்தாகவே இருக்கட்டும், நாளைக்கு நான் தனியாக ஓடுவேன் என்றாள். குளவி என்று ஆரம்பித்தேன். தினம் இதால்தான் ஓடுகிறேன், ஒன்றும் கொட்டவில்லை என்று குரலை உயர்த்தினாள். எனக்குப் பதறிவிட்டது. மைக் கையில் இருப்பதை மறந்து, சத்தம் போடாதீங்க தங்கச்சி, சத்தம்தான் ஆபத்து என்று, மலை முழுக்க எதிரொலிக்கக் கத்தினேன்.

முதல் கொட்டு சந்திரனுக்கு. ஆட்டோவை விட்டுக் குதித்து ஓடினான். இரண்டாவது என் காதில். பிறகு மேலேயிருந்து ஒரு இரைச்சல் வந்தது பார், லொறி இறங்கி வருகிற மாதிரி. நான் மரம்போல நின்றுவிட்டேன். புஷ்பம்தான் பனிஸ் மூடியிருந்த வெள்ளைத் துணியை உருவி என் தலையில் போட்டாள். கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் ஓடினேன் யோகா. உன் மச்சான் ஓடினான். மேட்டில், ஏற்றத்தில், கண் தெரியாமல், ஒரு செருப்போடு ஓடினான். மூச்சு காது வழியாக வந்தது. உடம்பில் நான் சந்தித்தே இராத இடங்களெல்லாம் குலுங்கின. ஹாமுதுரு பன்சலை மண்டபக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கையை அசைத்து வா வா என்றார். முதலாவது சந்திரன், இரண்டாவது புஷ்பம், மூன்றாவது நான். ஓடியதே மூன்று பேர்தான் என்பதை அங்கே யாருக்கும் சொல்லிவிடாதே. நல்ல வேளை, பின்னால் ஒரு பிள்ளை குட்டியும் இல்லை. மறுநாள் அந்த ரோட்டில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஓடியிருந்தால்?

ஹாமுதுரு போன் பண்ணி, ரிஸ்வான் வேனைக் கொண்டு வந்தார். ஹெல்மட் போட்டுத்தான் வந்தார். விற்கிற விலைச் சீட்டு அதில் ஆடிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தேன், உதடு அசையவில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கொஞ்ச நேரம் இருந்து போகச் சொன்னார்கள். ஒரே வாங்குப் பலகையில் நானும் புஷ்பமும். எனக்கு முகம் ஊதிய பாண் மாதிரி, அவளுக்கு ஒரு கண் மூடிவிட்டது. உன் சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவரு இருந்தா நிப்பாட்டியிருக்க மாட்டாரு, அண்ணே. அது எனக்கும் தெரியும்."

என் வாய் வீங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் ஏதாவது கோமாளித்தனமாகச் சொல்லித் தொலைத்திருப்பேன்.

"போன வருசம் நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரு. டொக்டர் ஓட வேணாம்னு சொன்னதையும் அவரே சொன்னாரு. சொல்லிக்கிட்டேதான் இந்தச் சப்பாத்தைக் கட்டினாரு. நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்து அனுப்பினேன். ஒருத்தராவது குறுக்க நின்னிருந்தா..."

இந்த ஒரு வருசமாக அவள் யாரோடு கோபமாக இருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உன்னோடு, தன்னோடு. நடுவில் அகப்பட்டவன் நான்.

"இந்தத் தடவை நீங்க நின்னீங்க," என்றாள். மூடாத கண்ணால் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, குளவி போனதும் எப்ப ஓடுறோம்?"

ஓடுறோம் என்றாள், கவனித்தாயா? என்னையும் சேர்த்துவிட்டாள்.

ஊரில் இப்போது ஏன் நிறுத்தினாய் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. என் முகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மழை தொடங்கிவிட்டது. கூட்டில் பாதி காலியாகிவிட்டது என்று ஹாமுதுரு சொல்லி அனுப்பினார். ஆவணியில் ஓட்டம். முதல் தடவையாக, கிளம்புவதற்கு முன்னால் டிஸ்பென்சரி நேர்ஸ் வந்து ஓடுகிற எல்லோருக்கும் பிரஷர் பார்ப்பாள். அது புஷ்பம் போட்ட சட்டம். நானும் காலையில் பழகுகிறேன். இதுவரை பழகியது சப்பாத்துக் கட்டத்தான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எவனாவது ஆரம்பக் கோட்டுக்கு வந்தால், உன்னைவிடப் பெரிய பிடிவாதக்காரனாக இருந்தாலும், நான் ரோட்டுக்குக் குறுக்கே படுத்துவிடுவேன். என்னைச் சுற்றிக்கொண்டு போக உக்குவளை ரோட்டில் இடமே கிடையாது.

புஷ்பத்துக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
பேக்கரி முத்து