இரண்டாம் பக்கத்துக் கையெழுத்து

டுலூத், மினசோட்டா
மார்ச் 12, புதன்கிழமை

என் செல்ல மகள் கைசாவுக்கு, உன்னையும் உன் தங்கையையும் தத்தெடுத்த நாள் முதல் அப்பாவுமாகிவிட்ட சித்தப்பா டாய்வோ எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி ஹெல்மியும் உன் தங்கை சிக்னியும் உயிரோடும் போதுமான காப்பியோடும் இருக்கிறோம். கொரியாவில் ராணுவச் சாப்பாடு உன்னையும் அப்படியே வைத்திருக்கும் என்று நம்புகிறேன். இனி நான் சொல்லப்போவது உலகில் ஒருவரும் நம்பாத கதை என்று, நான் ஓட்டும் பனி அள்ளும் வண்டியின் மேல் சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

போன வாரப் பனியில் நம் வீடு கூரையோடு மூழ்கியது, தபால்காரர் புகைபோக்கி வழியாக இறங்கி ஒரு காப்பி குடித்துவிட்டு அதே வழியில் ஏறிப் போனார். அத்தனை பனியையும் துளைத்துக்கொண்டு திங்கட்கிழமை, சிக்னி விண்ணப்பித்திருக்கும் அந்தக் கிழக்குக் கரைக் கல்லூரியிலிருந்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இடம் உண்டா இல்லையா என்பது இருபத்தெட்டாம் தேதிதான் தெரியும், இது வேறு. நிதியுதவி விண்ணப்பத்துக்காக நம் வருமான வரிப் படிவத்தின் இரண்டாம் பக்கம் கையெழுத்தோடு ஒரு வாரத்துக்குள் வேண்டுமாம். அந்த நாலு வரியை நாங்கள் நாலாயிரம் தடவை படித்தோம். உன் சித்தி, "சேத்துக்கப் போற பிள்ளைகிட்டதானே வரிக் காகிதம் கேப்பாங்க, வேண்டாத பிள்ளைகிட்ட எதுக்குக் கேக்கணும்?" என்று சொல்லி மூன்று ஏலக்காய் ரொட்டி சுட்டுவிட்டாள். சிக்னியோ, தன்னைப் போலக் காத்திருக்கும் பிள்ளைகள் இணையத்தில் எழுதியதையெல்லாம் படித்தாள். ஒருவனிடம் கேட்டார்கள், இடம் கிடைத்தது, ஒருத்தியிடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை, இன்னொருத்தியிடம் கேட்கவே இல்லை, கிடைத்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று, பேரரசன் தீர்ப்புச் சொல்வதுபோல, "இடம் நிச்சயம், பெட்டியைக் கட்டு" என்று அறிவித்துவிட்டேன்.

வினை அங்கேதான். நம் ஊர்க் கல்லூரி அவளுக்கு முழு உதவித்தொகை தருகிறது, ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், சரி என்றால் வேறெங்கும் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டும். என் பேச்சைக் கேட்டு அந்தப் பெண் வேண்டாம் என்று எழுதவே உட்கார்ந்துவிட்டாள். கிழக்குக் கல்லூரியும் கைவிரித்தால்? நேற்று வேலையிடத்திலிருந்து அவர்களுடைய நிதியுதவி அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அங்கே பேசிய அம்மா, "காகிதம் குறைஞ்சா யாரா இருந்தாலும் கேப்போம் சார். யாரைச் சேக்குறாங்கன்னு எங்களுக்கே தெரியாது, அது வேற ஆபீஸ். நீங்க கையெழுத்துப் போட மறந்திருக்கீங்க, அவ்ளோதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். "உங்க பேச்சை நம்பினேன் பாருங்க சித்தப்பா, என்னைச் சொல்லணும்" என்றாள் சிக்னி. பிறகு தானே ஊர்க் கல்லூரியைக் கூப்பிட்டு, இருபத்தெட்டு வரை பொறுக்க முடியுமா என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்களாம், இந்த நிமிடம் வரை சொல்லவில்லை. தொலைபேசி மணி அடித்தால் மூன்று பேரும் கூரை இடிக்கக் குதிக்கிறோம். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் வெள்ளிக்கிழமை கழிந்திருக்கும், எதுவானாலும் நீ அவளைக் கூப்பிட்டுப் பேசு, என்னைத் திட்டுவதானால் அதற்குப் பிறகு திட்டு. கம்பளிக் காலுறையை மறக்காதே. நோய்நொடி இல்லாமல், நல்ல நண்பர்களோடு நீ நெடுநாள் வாழ வேண்டும்.

புகைபோக்கி, நாலாயிரம் தடவை, கூரை எல்லாம் என் கைச்சரக்கு. மற்றதெல்லாம் நடந்ததுதான். சின்னதாக ஒன்றை மட்டும் மறைத்தேன், அது உன் சித்திக்கும் தெரியாது. அந்தக் கையெழுத்தை நான் மறக்கவில்லை. விண்ணப்பம் அனுப்பிய அன்றைக்குப் பேனாவைத் திறந்தேன், நீ போனதிலிருந்து சாத்தியே கிடக்கும் உன் அறைக் கதவைப் பார்த்தேன், பேனாவை மூடிவிட்டேன். இன்று காலை போட்டு அனுப்பிவிட்டேன்.

உன் சித்தப்பா,
டாய்வோ