தட்டு விழுந்தபோது திரும்பாதவள்

இன்று காலை ஆயாம்மா கை தவறி எவர்சில்வர் தட்டுகளைக் கீழே போட்டுவிட்டார். ப்ரீகேஜி வகுப்பே அதிர்ந்தது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், ஒன்று அழவே தொடங்கிவிட்டது. உன் மகள் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாசிமணி கோத்துக்கொண்டிருந்தாள்.

நீ போன பிறகு அவளை எல்லோரும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறோம். கூப்பிட்டால் வரவில்லையா, தாயை நினைத்து ஏங்குகிறாள். பேச்சு வரவில்லையா, அதுவும் ஏக்கம்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நானும் அதையே நம்பி அவளை மடியில் வைத்து அழுதிருக்கிறேன்.

இருந்திருந்தால் நீ என்னைத் திட்டியிருப்பாய். இதே வகுப்பில் நாம் இருவரும் டீச்சராக இருந்தபோது, சோற்றைத் தள்ளிய ஒரு பையனை ஆயாம்மா பிடிவாதக்காரன் என்றார். "தட்டத் தள்ளுனான், அதத்தான் பாத்தோம். புடிவாதத்த யாரு பாத்தா?" என்று கேட்டு, அவன் அருகிலேயே உட்கார்ந்துகொண்டாய். ஒரு பக்கத்து வாயால் மட்டும் மென்றான். மறுபக்கம் சொத்தைப் பல்.

அது ஞாபகம் வந்து, மதியம் உன் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை. முன்னால் வந்ததும் சிரித்தாள்.

சாயங்காலம் உன் வீட்டுக்காரர் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து அழைத்துப்போக வந்தார். நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"அம்மா இல்லாத புள்ளம்மா. ஏக்கத்துல இருக்கு. செவுடுன்னு முத்திர குத்தாதீங்க."

"நான் அப்படிச் சொல்லலைங்கண்ணே. தட்டு விழுந்துச்சு, திரும்பல. கை தட்டுனேன், திரும்பல. பாத்தது அவ்வளவுதான். நாளைக்கு அரியலூர் பெரியாஸ்பத்திரில காதக் காட்டிருவோம், நானும் வரேன்."

வண்டிச் சாவியைக் கையில் வைத்தபடி நின்றார். "அவளும் இப்படித்தான் பேசுவா. சரி, வாங்க" என்றார்.

அவரிடம் பார்த்ததை மட்டும் சொன்னேன். நினைத்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும். பயமாக இருக்கிறதடி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாக நீ அவளைக் கூப்பிட்டாய். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட வர மாட்டேங்குது பாரு" என்றாய். ஊசியும் குழாயும் கண்டு பயந்துவிட்டாள் என்று நான்தான் உன்னைத் தேற்றினேன். உன் குரல் அவளுக்குக் கேட்டிருக்கவே இல்லையோ?