கடைசியாகச் சொன்ன பெயர்

அனுப்புநர்:
தையல் தொழில் செய்யும் அக்கா,
அச்சகத்துக்குப் பின்புறம், மாடி வீடு.

பெறுநர்:
பாதுகாவலர் நியமன அலுவலர் அவர்கள்.

பொருள்: மனவளர்ச்சி குன்றிய என் தம்பிக்கு அண்ணியைச் சட்டப்பூர்வ பாதுகாவலராக்கும் பரிந்துரையை நிறுத்திவைத்து, மறுபடி விசாரிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அறிவு மட்டும் ஐந்து வயதில் நின்றுவிட்டது. அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, சட்டைப் பொத்தான் போட்டுவிடுபவள் நான். அண்ணன் மனைவி இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாதுகாவலராக நான் விண்ணப்பித்தேன்; அவரும் விண்ணப்பித்தார். முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு உசத்தியாகிவிட்டது.

2. சென்ற வாரம் தாங்கள் நேரில் வந்து, அவன் விருப்பத்தையும் அறியவேண்டும் என்று கூறி, "நீ யார்கூட இருக்கணும்? அக்காவா, அண்ணியா?" என்று கேட்டீர்கள். அவன் "அண்ணி" என்றான். தாங்கள் குறித்துக்கொண்டீர்கள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது பற்றிக் கருத்துக் கூற விரும்பவில்லை.

3. ஐயா, அவனிடம் இரண்டு சொல்லிக் கேட்டால் கடைசியாகச் சொன்னதையே திருப்பிச் சொல்வான். டீயா காப்பியா என்றால் காப்பி. காப்பியா டீயா என்றால் டீ. எதைக் கொடுத்தாலும் குடிப்பான். தாங்கள் மாற்றிக் கேட்டிருந்தால் இன்று நான் பாதுகாவலர்.

4. அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அண்ணி பக்கத்தில் நின்றார். தம்பியைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்தது என்று மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். அதையும் அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. வயிற்றெரிச்சல் என்பீர்கள். வயிற்றெரிச்சல்தான். அவர் பாடினால் இவன் கைதட்டுகிறான். எனக்குப் பாட வராது.

5. ஆகவே வாய்வார்த்தையை நம்பாமல், ஒரு பகல் முழுக்க எங்கள் வீட்டில் உட்கார்ந்து, அவன் யாரைத் தேடிப் போகிறான் என்று பார்க்கும்படி வேண்டுகிறேன். அண்ணியிடமே போய்விடுவானோ என்ற பயம் எனக்கு உண்டு. போனால் மறுக்க மாட்டேன்.

6. யாரை நியமித்தாலும் ஆணையில் ஒரு வரி சேர்க்கவேண்டும்: இவனிடம் இரண்டு சொல்லிக் கேட்டு வாங்கும் சம்மதம் செல்லாது. "கைநாட்டு வைக்க மாட்டியா, வைப்பியா?" என்று எவனும் கேட்டுவிடலாம். இவன் "வைப்பேன்" என்பான், சிரித்துக்கொண்டே.

இந்த மனுவின் நகல் ஒன்றை அண்ணிக்கும் அனுப்பிவையுங்கள். அவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாள்: திங்கட்கிழமை
இடம்: வீடு

இப்படிக்கு,
அவனுடைய அக்கா
(கையொப்பம்)