மேன் வேணுமாம்

முருகன் துணை

நோட்டன் பிரிட்ஜ்
புதன்கிழமை, இரவு

அன்பு மகள் தனுஜாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் மகள் நிலக்ஷியும் நல்ல சுகம் என்றுதான் எழுத வருகிறது, ஆனால் நிலக்ஷி என்ற இடத்தில் பேனா கொஞ்சம் தயங்குகிறது. பயப்படாதே, பெரிதாக ஒன்றுமில்லை. அங்கே வெயில் தணிந்ததா, வயிறு நிறையச் சாப்பிடுகிறாயா, நீ வேலை செய்யும் வீட்டு அம்மா இப்போது கோபப்படாமல் பேசுகிறாளா. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வெள்ளிக்கிழமை உன் கையில் போன் தரும் அரை மணி நேரத்தில் பாதி நேரம் பிள்ளை போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், மீதி நேரம் உன் அம்மா அழுகிறாள், எனக்கு வாய் திறக்க இடமில்லை. றொசல்ல ஊர் கிருஷாந்தி லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறாளாம், மிளகாய்த்தூளோடு இதையும் அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். போன வெள்ளி நீ கேட்டாயே, ரெண்டு பேரால பாத்துக்க முடியுதா இல்லையான்னு நெசத்த சொல்லுங்கப்பா, முடியலன்னா மிச்ச எட்டு மாசத்தையும் விட்டுட்டு வந்துர்றேன் என்று. நான் சட்டென்று பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அன்றையிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பிள்ளை போட்டிருந்த சிவப்புத் தொப்பி அழகாக இருக்கிறது என்றாய் அல்லவா, அது அழகுக்குப் போட்டதில்லை. உள்ளே நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம். தொப்பியை மாட்டிவிட்டது நான்தான், உன் அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

லயத்து வரிசை வீட்டில் பாயில் படுத்த பிள்ளைக்கு விழுவதற்கு உயரமே இருக்கவில்லை. இந்தப் புது வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது, நீ சொன்னபடி கட்டில் வாங்கினோம், முதல் வாரமே கட்டிலிலிருந்து விழுந்தாள். அப்புறம் குளிருக்குக் காலில் மேஸ் போட்டுக்கொண்டு ஓடிச் சீமெந்துத் தரையில் வழுக்கி நாடியில் கீறல். அப்புறம் மூக்குக்குள் கடலைப் பருப்பு, அது தும்மலில் தானாக வந்துவிட்டது. உன் அம்மா விடியக் காலை பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போனால் தேயிலைக் கொழுந்து நிறுத்து வீடு வந்து சேரப் பின்னேரம் ஆகிவிடும், பகலெல்லாம் பிள்ளை என்னோடுதான். முப்பத்தெட்டு வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை, இந்த இரண்டரை வயசுப் பிள்ளையைப் பிடிக்கத் தெரியாமல் திணறுகிறது. நாலடி தள்ளித்தான் இருப்பேன், கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், எப்படி விழுகிறாள் என்று மட்டும் எனக்குப் புரிவதில்லை. தொப்பிக்குள் இருந்த வீக்கம் கதவு நிலையில் மோதியது. தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன், காயம் ஒன்றும் இல்லை, ஆனா ரெண்டு மணித்தியாலத்துக்குத் தூங்க விடாம பாத்துக்கங்க, வாந்தி எடுத்தா உடனே கொண்டாங்க என்றார்கள். மூன்று மாதமாக என்ன செய்தும் தூங்காத பிள்ளை, அன்றைக்கு வீடு வரும் வழியிலேயே என் தோளில் தூங்கி விழுகிறாள். நான் எழுப்ப, அவள் கத்த, ரோட்டில் போகிறவர்கள் என்னைத் திட்ட, தூங்க வைக்கவும் முடியாமல் தூங்காமல் வைக்கவும் முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். வாந்தி ஒன்றும் எடுக்கவில்லை. வீக்கம் இப்போது சுத்தமாக வற்றிவிட்டது.

தூங்காத கதையைத்தான் சொல்ல வேண்டும். ஏழரைக்கு விளக்கை அணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொண்டு மேன் வேணும் என்பாள். மேன் என்றால் என்ன என்று யாருக்குத் தெரியும். உன் அம்மா மீன் என்று நினைத்து மூன்று நாள் நெத்தலி பொரித்துக் கொடுத்தாள், தின்றுவிட்டு மறுபடியும் மேன் என்றாள். நான் மேலே தூக்கச் சொல்கிறாள் என்று தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் மானோ என்று மான் பொம்மை வாங்கி வந்தேன், அதை என் முகத்திலேயே எறிந்தாள். பிறகு இறங்கிச் சுவரில் காதை வைத்துப் பார்ப்பாள், அடுத்த அறைக்கு ஓடுவாள், அப்படி ஓடும்போதுதான் கதவு நிலையில் மோதினாள். எதைத் தேடுகிறாள் என்று தெரியாமல் நாங்களும் பின்னாலேயே ஓடுவோம். யாராவது கண் வைத்துவிட்டார்களோ என்று உன் அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள்.

போன ஞாயிறு பழைய லயத்துக்கு, மிச்சமிருந்த தகரப் பெட்டியை எடுக்கப் பிள்ளையோடு போனேன். மழை பிடித்துக்கொண்டது. நம் ஒற்றையறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பரா, உன் டோரீன் அக்கா வீட்டில் ஒதுங்கினோம். பொழுது போனதும் வழக்கம்போல் அவர்கள் வீட்டில் எல்லோரும் முட்டி போட்டுச் செபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். இவள் என் மடியில் இருந்துகொண்டு ஒவ்வொரு செபம் முடியும்போதும் மேன் என்கிறாள். ஆமென், தனுஜா. மூன்று மாதமாக ஆமெனைக் கேட்டவளுக்கு நாங்கள் நெத்தலி பொரித்துக் கொடுத்திருக்கிறோம். செபமாலையில் பத்து மணி உருளுவதற்குள் தூங்கிப்போனாள். டோரீன் அக்கா சிரித்துவிட்டு, பொறந்ததுலேருந்து செவுத்துக்கு அந்தப் பக்கம் எங்க செபத்தக் கேட்டே தூங்குன புள்ளதானே மாமா என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தும்மல் போட்டால் ஆறு காம்பராவுக்கும் கேட்கிற இந்த லயத்தில் என் பிள்ளை வளரக்கூடாது என்று சொல்லித்தானே நீ போனாய். கூரை வரைக்கும் சுவர் எழுப்பிய வீடு வந்துவிட்டது, பிள்ளைக்குத் தூக்கம் போய்விட்டது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முருகன் பாட்டைப் பாடிப் பார்த்தேன், அதற்கு மேன் சொல்லமாட்டேன் என்கிறாள். டோரீன் அக்காவின் செபத்தைப் போனில் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்றாள் உன் அம்மா, அதுவும் நல்லதுதான். ஆனால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. நீ பேசிப் போனில் அனுப்பு. தாலாட்டு வேண்டாம், பிள்ளையைக் கூப்பிடவும் வேண்டாம், நீயும் அழாதே. இன்றைக்கு என்ன சமைத்தாய், எந்தத் துணி மடித்தாய் என்று யாரோடோ பேசுவதுபோல் கால் மணி நேரம் பேசு. நான் அதை அடுத்த அறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். அம்மா சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள் என்று நினைத்துத் தூங்குவாள். இது பிள்ளையை ஏமாற்றுவதா இல்லையா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன், விளங்கவில்லை. நீயே சொல்லு.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். பார்த்துக்கொள்கிறோம், ஆனால் விழவே விழாமல் பார்த்துக்கொள்ள எங்களால் முடியாது. விழுந்தால் சொல்வேன், இனித் தொப்பி போடமாட்டேன். வா என்று சொல்வதா, இருந்து முடித்துவிட்டு வா என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை. நேற்றிலிருந்து நான் முன்னறையில் உட்கார்ந்து எதையாவது செபம்போல் ஒரே குரலில் சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன், இந்தக் கடிதத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன். அவள் உள்ளே உன் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் மேன் என்கிறாள். நீ உடனே வா என்று சொல்லிப் பார்த்தேன், மேன் என்றாள். நீ எட்டு மாசம் கழித்து வா என்றும் சொல்லிப் பார்த்தேன், அதற்கும் மேன் என்றாள்.

முருகன் உனக்கு உடம்பில் தெம்பும் மனசில் தைரியமும் தரட்டும், நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், குரலை மறக்காமல் அனுப்பு. என் மகள் தனுஜா எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று இப்போது சொன்னேன், மேன் வரவில்லை. இன்னொரு முறை சொன்னேன், வரவில்லை. தூங்கிவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சோலைமலை